பளபளப்பான ஸ்பீக்கர் பெட்டி: ஊதுவதா, துடைப்பதா, பாலிஷ் போடுவதா?

பிரித்து வைத்த அன்று கண்ணாடி மாதிரி இருந்த கறுப்பு ஸ்பீக்கர், ஆறே மாதத்தில் சாய்வெயில் பட்டால் சிலந்தி வலை பின்னியதுபோல் தெரியும். யாரும் அதை இடித்திருக்க மாட்டார்கள். வாரம் தவறாமல் துணி எடுத்துத் துடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பளபளப்புப் பெட்டிகளில் தெரியும் நுண்கீறல்களில் பெரும்பாலானவை சுத்தம் செய்யும்போது விழுந்தவையே.

குற்றவாளி தூசி. வீட்டுத் தூசியில் துணி இழையும் தோல் செதிளும் மட்டும் இல்லை, பொடி மணலும் உண்டு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் கடினத்தன்மை அளவில் 7. சன்னல் கண்ணாடியே 5.5 அளவில்தான் இருக்கிறது. பெட்டிக்குப் பளபளப்புத் தரும் மேல்பூச்சான லேக்கர் அதற்கும் வெகு கீழே. அப்படிப்பட்ட துகளைத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தி இழுத்தால் கோடு விழாமல் என்ன செய்யும்? கறுப்பில் அது பளிச்சென்று தெரியும், வெள்ளையில் மறைந்திருக்கும். விழுவது என்னவோ இரண்டிலும் விழும்.

தூசியை எப்படி எடுப்பது, விரல் கறையை எதால் கரைப்பது, விழுந்துவிட்ட கீறலை என்ன செய்வது என்று மூன்று இடங்களில் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. மூன்றிலும் எங்கள் சாய்வு ஒன்றுதான்: வேலை முடியும் வழிகளில் பெட்டியை எது குறைவாக உரசுமோ, அதில் தொடங்குங்கள்.

மேலே இருப்பது லேக்கரா, படலமா?

எந்தப் புட்டியைத் திறப்பதற்கு முன்பும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஹை கிளாஸ்’ என்ற ஒரே பெயரில் நான்கைந்து வேறு வேறு பரப்புகள் விற்கின்றன.

விலை உயர்ந்த பெட்டிகளில், மர இழையை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகைமேல் பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன் லேக்கரைப் பல பூச்சாக அடித்து, உப்புத்தாளால் சமன் செய்து, சுழல் சக்கரத்தால் தேய்த்து மெருகேற்றும் பஃபிங் செய்திருப்பார்கள். பியானோ ஃபினிஷ் என்பது இதுதான். தடிமனான பாலியெஸ்டர் அரை மில்லிமீட்டர்வரைகூட வரும். காரின் மேல்பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான் என்பதோடு ஒப்பிட்டால் அதன் தாராளம் புரியும். பாலியூரித்தேன் அவ்வளவு தடிமனாக இராது. நடுத்தர, மலிவு விலைப் பெட்டிகளில் பெரும்பாலும் பளபளப்பான பி.வி.சி படலத்தைப் பலகையில் ஒட்டியிருப்பார்கள். சவுண்ட்பார், மேசை ஸ்பீக்கர் போன்றவற்றில் வெறும் ஏ.பி.எஸ் அல்லது அக்ரிலிக் பிளாஸ்டிக். பழைய பெட்டி என்றால் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கராகவோ, அரக்குப் பாலிஷாகவோ இருக்கலாம்.

படலத்தைக் கண்டுபிடிக்கப் பின்பக்கம் பாருங்கள். பக்கவாட்டுப் பலகையும் பின்பலகையும் சேரும் இடத்தில் மெல்லிய இணைப்புக் கோடு ஓடும்; சில பெட்டிகளில் படலத்தின் வெட்டு முனையே தெரியும். பெட்டியின் நெடு ஓரங்கள் மடித்த அட்டைபோலக் கூர்மையாக இருக்கும். லேக்கர் அடித்த பெட்டியில் ஓரம் துளி உருண்டு, பூச்சு எங்கும் முறியாமல் திரும்பிப் போகும். படலமா லேக்கரா என்று முடிவுக்கு வர முடியவில்லையா, படலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படலத்தை லேக்கர் என்று நினைத்துத் தேய்த்தால் திரும்ப வழியில்லை.

பழைய பெட்டி மட்டும் தனிக் கவனம் கேட்கும். அரக்குப் பாலிஷ் ஆல்கஹாலில் கரையும், நைட்ரோசெல்லுலோஸ் இளகும். அடிப்பக்கத்தில் யாரும் பார்க்காத மூலையில், ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியை 10 நொடி வைத்துப் பாருங்கள். பரப்பு பிசுபிசுத்தாலோ பஞ்சில் நிறம் ஏறினாலோ, அந்தப் பெட்டிக்கு ஆல்கஹாலே வேண்டாம்.

தூசிக்கு: காற்று, தூரிகை, துணி

கேமரா லென்ஸுக்கு வாங்கும் ரப்பர்ப் பந்து ஊதுகுழல்தான் முதல் தேர்வு. பரப்பைத் தொடாமல் தளர்ந்த துகளைத் தள்ளிவிடும். ஸ்பீக்கர் கூம்புகளுக்கு நேராக மட்டும் ஊதக் கூடாது. பெட்டியின் தளத்தை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அழுத்தக் காற்று டப்பா இந்த இடத்தில் நல்ல மாற்று அல்ல. டப்பாவைச் சாய்த்தால் உள்ளிருக்கும் திரவம் உறைகுளிரில் பீய்ச்சி வெளியே வரும். அது பெட்டியில் வெள்ளைத் தடம் விடும். உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் டோமில் பட்டால் பாட்டே போய்விடலாம்.

ஊதியும் போகாத தூசிக்கு ஆட்டு மயிர்த் தூரிகை நல்லது. முகப்பூச்சுக்கு வைத்திருக்கும் பெரிய தூரிகையும் ஆகும், புதியதாக, பவுடர் படாததாக இருந்தால். தூரிகைத் தலையைச் சுற்றியிருக்கும் உலோகப் பூண் பெட்டியில் இடிக்காதபடி அதன்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். தூரிகையை மேலிருந்து கீழாக, அதன் எடையைத் தவிர வேறு அழுத்தமே இல்லாமல் இழுக்க வேண்டும். கோழி இறகுத் துடைப்பம் பார்க்க மென்மைதான். ஆனால் ஓர் இறகு ஒடிந்தால் தண்டு ஊசியாகிவிடும், ஒடிந்தது கண்ணில் படவும் படாது.

உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியைப் பற்றித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். “மென்மையான துணி, கீறாது” என்பது பாதி உண்மை. துணி கீறுவதில்லை, துணிக்கு அடியில் சிக்கியது கீறுகிறது. போதாக்குறைக்கு, உலர்ந்த துணியால் தேய்த்தால் லேக்கரிலும் பிளாஸ்டிக்கிலும் நிலைமின் ஏறும். துடைத்து அரை மணி நேரத்தில் முன்பைவிடத் தூசி ஒட்டியிருப்பது அதனால்தான். மறுபடி துடைக்கிறோம், மறுபடி ஏறுகிறது.

ஆகவே ஊதி, தூரிகையால் தட்டிய பிறகும் துடைக்க வேண்டியிருந்தால் ஈரத்துணிதான். ஈரம் துகளைத் தூக்கிப் பிடிக்கும், உராய்வைக் குறைக்கும், மின்னையும் ஏறவிடாது. துணியின் தேர்வில் கறார் காட்டலாம்: 350 ஜி.எஸ்.எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அளவில் நீள இழை கொண்ட மைக்ரோஃபைபர், ஓரத்தில் தையல் இல்லாதது. தையல் இருந்தால் அந்த நூலே கறுப்பு லேக்கரில் கோடு போடும். விலைச்சீட்டும் துவைப்புச் சீட்டும் இருந்தால் முதலில் வெட்டி எறியுங்கள். இழை நீளமாக இருந்தால் துகள் உள்ளே போய் ஒதுங்கும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் தட்டையான துணியில் துகளுக்கு ஒதுங்க இடமே இல்லை, பரப்போடேயே உருளும். அதனால் அது தூசிக்கு ஆகாது, தூசி போன பிறகு மிஞ்சும் விரல் ரேகைக்கு மட்டும். டிஷ்யூ காகிதம் மர இழையால் ஆனது. அவசரத்துக்குக்கூட அதைக் கையில் எடுக்க வேண்டாம்.

துணியை நாலாக மடித்தால் இரு பக்கமும் சேர்த்து எட்டு முகம் கிடைக்கும். ஒரு பலகைக்கு ஒரு முகம். துடைக்கும்போது வட்டம் போடாமல் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்கள். முடிவில் துணியைத் தூக்கி, அடுத்த பட்டையை மேலிருந்து தொடங்குங்கள். தவறிக் கீறல் விழுந்தாலும் நேர்க்கோடு ஒரு கோணத்தில்தான் ஒளியைப் பிடிக்கும். வட்டக் கீறல் எங்கிருந்து பார்த்தாலும் மின்னும். துணி தரையில் விழுந்ததா, துவைக்கும்வரை அதற்கு அங்கே வேலை இல்லை. துவைக்கும்போது பருத்தித் துணிகளோடு போடாதீர்கள், மைக்ரோஃபைபர் அவற்றின் பஞ்சையெல்லாம் வாரிக்கொள்ளும். துணி மென்மையாக்கி திரவமும் கூடாது. அது இழையில் மெழுகுபோல் படிந்து, கறுப்பில் மங்கல் படலமாக இறங்கும்.

கரைக்க எது: நீர், சோப்பு, ஆல்கஹால், கடைத் தெளிப்பான்கள்

விரல் ரேகைக்குப் பத்தில் ஏழு தடவை காய்ச்சி வடித்த நீரே போதும். குழாய் நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து உலர்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதைத் தேய்த்து எடுக்கப் போனால் அதுவே உப்புத்தாள். பெட்டிமேல் நேராகத் தெளிக்காமல் துணியில் இரண்டு பீச்சு தெளித்து, கையால் கசக்கி ஈரத்தைப் பரப்பிவிட்டுத் துடையுங்கள். பின்னாலேயே உலர்ந்த மறு துணியால் ஓர் இழுப்பு.

எண்ணெய்ப் பசை போகவில்லை என்றால், அரை லிட்டர் நீருக்கு நடுநிலை பி.எச். கொண்ட பாத்திரம் கழுவும் திரவம் 2, 3 சொட்டு. இதற்குமேல் போட்டால் நுரைதான் கூடும், சோப்புப் படிவும் கூடும். சோப்பு நீருக்குப் பின் வெறும் நீரால் ஒரு முறை துடைத்தாக வேண்டும். அந்த இரண்டாவது துடைப்பைத் தவிர்க்க நினைப்பவர்களுக்குக் கார் பராமரிப்பில் புழங்கும் ரின்ஸ்லெஸ் வாஷ் நல்ல மாற்று. அதில் உள்ள பாலிமர்கள் துகளைச் சுற்றி வழுக்கலாக்கும், அலச வேண்டாம். பல தயாரிப்புகளில் கலவை விகிதம் 256-க்கு 1. அதாவது ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 4 மி.லி. புட்டியில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். தூசி கனத்துப் படிந்த பெட்டிக்கு நாங்கள் சோப்பைவிட இதைத்தான் சொல்வோம்.

ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வேறு வகை ஆயுதம். முன்பு யாரோ போட்ட மெழுகு, சிலிகான், பாலிஷ் எண்ணெய் ஆகியவற்றைக் களையவும், பாலிஷ் வேலைக்குப் பின் உண்மை நிலவரத்தைப் பார்க்கவும் அது வேண்டும். 70 விழுக்காட்டுக் கரைசலில் 100 மி.லி. எடுத்து 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் ஏறக்குறைய 12 விழுக்காடு வரும். முழுதாக உலர்ந்து கெட்டிப்பட்ட பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் இதைத் தாங்கும். அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஆல்கஹாலே கூடாது. வார்க்கும்போது உள்ளே தங்கிய இழுவிசையோடு ஆல்கஹாலும் சேர்ந்தால் முடிமுடியாக வெடிப்பு விடும், குறிப்பாகத் திருகுத் துளைகளைச் சுற்றி. அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் அங்கே அண்ட விடாதீர்கள்.

மரச்சாமான்களுக்கான தெளிப்பு பாலிஷ் எப்படி? முதல் நாள் அசத்தும். அதிலுள்ள சிலிகான் எண்ணெய் நுண்கீறல்களை நிரப்பி ஆழமான கறுப்பைக் காட்டும். ஒரு வாரத்தில் அதே எண்ணெயில் தூசி ஒட்டும், துடைத்தால் இழுவிக்கொண்டு போகும், அதன்மேல் இன்னொரு பூச்சு அடிக்கத் தோன்றும். சாரல் பறந்து கூம்பிலும் ரப்பர் விளிம்பிலும் படிவது தனி. பின்னால் என்றாவது பெட்டிக்கு மறுபூச்சு அடிக்க நேர்ந்தால் சிலிகான் பட்ட இடத்தில் புது லேக்கர் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகும். பூச்சுக்காரர்கள் அதை ‘ஃபிஷ் ஐ’ என்பார்கள். சமையல் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. அது காறிப்போய்ப் பிசினாகும், அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

தின்னர், அசிட்டோன் பக்கமே போக வேண்டாம். பற்பசையும் சமையல் சோடாவும் கண்ணுக்குத் தெரியாத தேய்ப்பான்கள், துகளின் அளவு நம் கையில் இல்லை. மாயப் பஞ்சு என்று விற்கும் மெலமைன் நுரை எந்தத் திரவமும் இல்லாமலே கறையை எடுப்பது எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? அது மிக நுண்ணிய உப்புத்தாள். பளபளப்பில் ஒரு தேய்ப்பிலேயே மங்கல் திட்டு விழும்.

ஒட்டுச்சீட்டுப் பசைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. நகத்தால் சுரண்டாமல், லைட்டரில் ஊற்றும் வெள்ளைப் பெட்ரோலைத் துணியில் துளி எடுத்து, பசைமேல் அரை நிமிடம் ஒத்தி வைத்துத் துடையுங்கள், அடிப்பக்கத்தில் சோதித்த பிறகு. தாங்கியில் பிடிமானத்துக்கு வைக்கும் ஒட்டுக்களி அடியில் மிஞ்சினால் அதே களி உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஸ்பீக்கரைத் தாங்கியிலிருந்து பிரிக்க நெம்பாமல் மெல்ல முறுக்கித் திருப்ப வேண்டும். நெம்பினால் படலமே உரிந்து வரும்.

கீறல் விழுந்துவிட்டது: மறைப்பதா, தேய்ப்பதா, விடுவதா?

இங்கேதான் அவசரம் பிடித்த கை அதிகம் கெடுக்கும். முதலில் அது கீறல்தானா என்று பாருங்கள். வெள்ளைக் கோடாகத் தெரிவதில் கணிசமானவை, உரசிய பொருளின் துகள் லேக்கர்மேல் அப்பியிருப்பவை. ஆல்கஹால் கரைசல் (ஆல்கஹால் தாங்கும் பரப்பில் மட்டும்) அல்லது வெள்ளைப் பெட்ரோலால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். போகாததை நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் மாட்டினால் ஆழக் கீறல். அதைச் சமன் செய்யச் சுற்றுப்புறம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும், பாலிஷால் ஆகிற காரியம் இல்லை. மாட்டவில்லை என்றால்தான் அடுத்த பேச்சு.

பார்க்கும் வெளிச்சமும் முக்கியம். ட்யூப்லைட் பரவிய ஒளி, கீறலை மறைக்கும். ஒற்றை எல்.இ.டி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் வெளிவரும். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற கீறலுக்காகப் பெட்டியைத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. யாரும் டார்ச் பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பதில்லை.

மறைப்பது என்றால் நிரப்பி வகை: கிளேஸ், கார்னோபா மெழுகு, கறுப்புக்கென்று வரும் நிறமெழுகு. கீறலின் பள்ளத்தை எண்ணெயும் மெழுகும் நிரப்ப, ஒளி சிதறாமல் திரும்பும். கார்க்காரர்கள் இதை ஏமாற்று வேலை என்பார்கள். மழையில் இரண்டு தடவை நனைந்தால் கீறல் திரும்ப வந்துவிடும் என்பதால் அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. ஸ்பீக்கர் மழையில் நனைவதில்லை, வெயிலில் நிற்பதில்லை, வாரா வாரம் ஷாம்பு போட்டுக் குளிப்பதும் இல்லை. வீட்டுக்குள் அதே நிரப்பி மாதக் கணக்கில் நிற்கும். படலம் ஒட்டிய பெட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இதுதான் எங்கள் பரிந்துரை, யோசனையே வேண்டாம். போடும்போது மெல்லிய பூச்சு போதும்: நுரைத் திண்டில் மொச்சை அளவு எடுத்து ஒரு பக்கப் பலகை முழுக்கப் பரப்பலாம். இணைப்பு இடுக்கிலும் திருகுத் தலையிலும் மெழுகு புகுந்தால் காய்ந்து வெள்ளையாக நிற்கும், முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள். வெள்ளைப் பெட்டிக்கு நிறமெழுகு கூடாது.

தேய்ப்பது என்றால் பூச்சைச் செலவழிப்பது என்று பொருள். நுண் பாலிஷ் ஒரு சுற்றுக்கு ஒரு மைக்ரான் அளவில் எடுக்கும். கரடான தேய்ப்புப் பசையான காம்பவுண்ட் அதைவிடப் பல மடங்கு. அரை மில்லிமீட்டர் பாலியெஸ்டரில் இது சில்லறைச் செலவு. படலத்திலோ, மெல்லிய பூச்சிலோ முதலுக்கே மோசம். பரந்த நடுப்பகுதியில் இருக்கும் தடிமன் ஓரத்தில் இருக்காது என்பதையும் மறக்காதீர்கள். ஈர லேக்கர் பரப்பு இழுவிசையால் கூர்முனையை விட்டு விலகும், அதோடு தொழிற்சாலையில் சமன் செய்தபோதும் ஓரம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். முனையில் கறுப்பு போய்ப் பலகை எட்டிப் பார்த்தால் மறுபூச்சு ஒன்றே வழி.

கையால் தேய்ப்பதா, இயந்திரமா? விரல் நீளத்துக்கு ஒற்றைக் கீறல், அல்லது தாங்கியில் உரசிய சின்னத் திட்டு என்றால் கையே போதும். மென் நுரைத் திண்டில் ஃபினிஷிங் பாலிஷ் இரண்டு சொட்டு, கீறலுக்குக் குறுக்காக அல்லாமல் பலகையின் நீளவாக்கில் 20, 30 இழுப்பு, துடை, பார். பலகை முழுக்க வலைபின்னிய கீறல் என்றால் கை தோற்கும். அழுத்தம் இடத்துக்கு இடம் மாறி, ஒரு பக்கம் கண்ணாடியாகவும் மறுபக்கம் மூட்டமாகவும் நிற்கும்.

இயந்திரத்தில் ரோட்டரி, டூயல் ஆக்‌ஷன் என இரண்டு. ரோட்டரி ஒரே அச்சில் சுழலும், வேகமாக வெட்டும், ஓரிடத்தில் இரண்டு நொடி கூடுதலாக நின்றால் சூடேறிப் பூச்சு வெந்துவிடும். பியானோ பட்டறைகளில் பெரிய பஃபிங் சக்கரம் வைத்து வேலை செய்கிறார்களே என்று கேட்கலாம். அது தடிமனான பூச்சும் தேர்ந்த கையும் சேர்ந்த இடம். வீட்டுக்கு டூயல் ஆக்‌ஷன்தான். திண்டு சுழன்றுகொண்டே அலைவதால் ஓரிடத்தில் சூடு சேராது. ஓரத்தில் அதிகம் அழுத்தினால் சுழற்சி தானே நின்றுவிடும், அதுவே ஒரு பாதுகாப்பு. ஸ்பீக்கர் பலகைகள் குறுகல் என்பதால் 75 மி.மீ. திண்டு வசதி. ட்வீட்டருக்கும் தாழ்ந்த ஒலி தரும் உஃபருக்கும் நடுவே உள்ள இடுக்கை எந்த இயந்திரத்தாலும் தொட வேண்டாம், அங்கே கைதான்.

வேலைக்கு முன் மின்சாரத்தைத் துண்டித்து, கம்பிகளைக் கழற்றி, ஸ்பீக்கரை நுரை விரிப்பில் படுக்க வையுங்கள். துணிமறைப்பைக் கழற்றி ஸ்பீக்கர் யூனிட்டுகளை அட்டையால் மூடி விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப் கூம்பையோ ரப்பர் விளிம்பையோ தொடக் கூடாது. யூனிட்டுகளைக் கழற்றலாமா என்றால், முன்பலகையைப் பாலிஷ் போடும்போது மட்டும் அது பயன். பக்கங்களுக்குத் தேவையே இல்லை. கழற்றுவதானால் திருப்புளியை உறுதியாகப் பிடியுங்கள். காந்தம் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் நேராகக் கூம்பில் குத்தும். பெட்டியிலிருந்து காற்று வெளிவரும் போர்ட் துளையில் துணி அடையுங்கள். எல்லா ஓரத்திலும் 3 மி.மீ. அகலத்துக்கு டேப்.

பரப்பைக் கழுவித் துடைத்த பிறகு, பின்புறத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் சோதனை. மிக மென்மையான திண்டு, மிக மென்மையான பாலிஷ், இதுதான் தொடக்கம். திண்டின் நிறத்தை வைத்து மென்மையை முடிவு செய்யாதீர்கள். ஒரு கம்பெனியின் கறுப்பு இன்னொன்றின் ஆரஞ்சாக இருக்கும். திண்டில் பட்டாணி அளவில் 3, 4 சொட்டு. இயந்திரத்தை நிறுத்தியபடியே 30 செ.மீ. சதுரத்தில் ஒற்றிப் பரப்பி, மெதுவேகத்தில் ஒரு சுற்று. பிறகு 6-இல் 3 அல்லது 4 வேகத்தில் நெடுக்காக, குறுக்காக மாறி மாறி 4 முதல் 6 சுற்று. நொடிக்கு 2, 3 செ.மீ.க்கு மேல் நகர்த்த வேண்டாம். இயந்திரத்தின் எடையே போதுமான அழுத்தம். புறங்கையால் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் சுட்டால் நிறுத்துங்கள். துடைத்து, ஆல்கஹால் கரைசலால் மறுபடி துடைத்து, டார்ச்சில் பாருங்கள். ஆல்கஹால் போட்டதும் கீறல் திரும்ப வந்தால், பாலிஷ் எண்ணெய் மறைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கீறல் போகவில்லை என்றால் அதே பாலிஷோடு இன்னும் ஒரு சுற்று. அதற்கும் அசையாவிட்டால்தான் ஒரு படி கடினமான திண்டு. திண்டை மாற்றுவது முதலில், காம்பவுண்டுக்குத் தாவுவது கடைசியில்.

புதுசாக மூட்டம் போட்டதுபோல் மங்கினால் மூன்று காரணம்தான் வழக்கம்: திண்டில் பாலிஷ் காய்ந்துபோனது, பரப்புக்குத் திண்டு கடினம், அல்லது பழைய காம்பவுண்ட் எச்சம் திண்டில் இருக்கிறது. ஒவ்வொரு சதுரத்துக்கும் திண்டைத் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தால் மூன்றில் இரண்டு வராது.

பாலிஷால் தீராதவையும் உண்டு. பலகை இணைப்பு வெளியே கோடாகத் தெரிந்தால் அது எம்.டி.எஃப் ஈரத்தில் ஊதியோ லேக்கர் சுருங்கியோ வந்தது. ரப்பர்க் கால் வைத்த இடத்தில் மங்கல் வட்டம் இருந்தால் ரப்பரின் மென்மையாக்கி லேக்கருக்குள் இறங்கியிருக்கிறது. இவை பரப்பின் மேல் இல்லை, உள்ளே இருக்கின்றன.

மேல்பூச்சு வேண்டுமா?

கார் உலகத்தில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். ஸ்பீக்கருக்கு ஒரு பத்தி போதும். மெழுகு, பாலிமர் சீலன்ட், செராமிக் தெளிப்பு எதுவுமே கீறலைத் தடுக்காது. வீட்டுக்குள் அவற்றால் கிடைப்பது வழுக்கல்; அதனால் அடுத்த முறை துணி சிக்காமல் போகும், விரல் ரேகை லேசாகப் போகும். அந்த ஒரு பயனுக்கு நீர் வகை பாலிமர் சீலன்ட் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். செராமிக்கில் தப்பாகப் போட்டால் காய்ந்த தடத்தை எடுக்க மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். அந்தச் சூதாட்டம் இங்கே தேவையில்லை.

வெளியே கொடுப்பதானால்

நகம் மாட்டும் கீறல், முனை சிதைவு, ஓரத்தில் தெரியும் பலகை, இவற்றுக்கு லேக்கர் வேலை தெரிந்தவர் வேண்டும். பாலியெஸ்டரில் பள்ளத்தை அதே வகைப் பிசினால் நிரப்பி, 2000, 3000 எண் உப்புத்தாளில் ஈரமாகச் சமன் செய்து, பஃபிங்கில் முடிப்பார்கள். கார் பாலிஷ் கடைக்காரர் திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் உள்ள சாதாரணத் தடிமன்மானி உலோகத்தின் மேல்தான் அளக்கும். மரப்பலகையில் மீயொலி வகை மானி வேண்டும். அது இல்லாமல் “நிறைய இருக்கு சார், தேய்ச்சிடலாம்” என்று சொன்னால் அது ஊகம். யூனிட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வெறும் பெட்டியைக் கொடுங்கள். இதுவரை என்னென்ன தெளிப்பு, மெழுகு போட்டிருக்கிறீர்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சிலிகான் இருப்பது முன்பே தெரிந்தால் அவர் கரைப்பானால் களைந்துவிட்டுத் தொடங்குவார், தெரியாவிட்டால் அடித்த பூச்சைச் சுரண்ட நேரும். திரும்பி வந்த பெட்டிக்கு ஒரு மாதமாவது மெழுகோ சீலன்டோ போடாதீர்கள், பிளாஸ்டிக் உறையாலும் நுரைத்தாளாலும் மூடி வைக்காதீர்கள். முழுதாக இறுகாத லேக்கரில் உறையின் அச்சு அப்படியே பதியும்.